ஆறு பக்கப் பொன்னுதுரை

சிலருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, சிலருக்குக் கட்சி நம்பிக்கை உண்டு. மலாக்காவில் காஜா பெராங்கில் குடியிருந்த பொன்னுதுரைக்கு இருந்தது ஓர நம்பிக்கை. ஒரு தாளில் மேலே இரண்டு விரல், இடப்பக்கம் ஒன்றரை விரல், கீழே இரண்டு விரல் இடம் விட்டுவிட்டால், நடுவில் எதை எழுதினாலும் அது உண்மையாகிவிடும் என்று அவர் மனதார நம்பினார். அப்படி நம்புவதற்கு அரசாங்கம் அவருக்கு இருபத்திரண்டு வருஷம் சம்பளம் கொடுத்திருந்தது.

அவர் படிவக் கிராணி, அதாவது படிவம் போடுகிற குமாஸ்தா. நாய் வளர்க்க ஒரு படிவம், நாய் செத்தால் ஒரு படிவம், கடைக்கு மேல் பலகை மாட்ட ஒரு படிவம், படிவம் தீர்ந்துபோனால் படிவம் கேட்க ஒரு படிவம். மலாக்காவில் அந்நாளில் பிறந்தவரும் செத்தவரும் அவர் போட்ட கட்டங்களுக்குள் அடங்கித்தான் பிறந்தார்கள், செத்தார்கள். ஆனால் எந்தப் படிவத்திலும் அவர் பெயர் கிடையாது. கீழே வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்து இருக்கும். நாய் லைசென்ஸ் படிவத்தில் நாயின் பெயருக்குக்கூட முழு நீளத்துக்கு ஒரு கோடு விட்டிருந்தார்கள். அந்தக் கோட்டைப் போட்டவனுக்கு அரை அங்குலம் கிடையாது. இந்த ஒரு முள் அவர் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஐம்பத்தேழு ஆகஸ்டில் நாடு சுதந்திரம் அடைந்தது. துரை கப்பலேறினார். துரையோடு படிவப் பிரிவையும் மூட்டை கட்டிவிட்டார்கள். நாற்பத்து நாலு வயதில் பொன்னுதுரைக்கு ஒரு கைகுலுக்கலும் அவர் புழங்கிய மர ரூலரும் கிடைத்தன. ஊரெல்லாம் மெர்டேக்கா என்று கத்தியபோது இவரும் கத்தினார். கத்திவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துல உங்க பேரு அச்சடிச்சு வந்தது நம்ம அரிசி ரேஷன் கார்டுல மட்டுந்தாங்க. அதையும் எலி கடிச்சிருச்சு" என்றாள் அவர் மனைவி அஞ்சலை, வெந்த புண்ணில் கொஞ்சம் மிளகாய்த்தூளும் தூவினால் நல்லது என்ற எண்ணத்தில்.

அந்த நேரத்தில்தான் விடியல் தபால்வழிக் கல்லூரி அவரைக் கூப்பிட்டது.

காஜா பெராங் சடக்கில், சாலையோரமாக, ஒரு சீனரின் சவப்பெட்டிக் கடை. அதற்கு மாடியில் கல்லூரி. கீழே வாழ்க்கையை முடித்து அனுப்பினார்கள், மேலே வாழ்க்கையைத் தொடங்கி அனுப்பினார்கள், மரப்படி ஒன்றுதான். கல்லூரியை நடத்தியவர் கலியாணசுந்தரம். 'வீட்டிலிருந்தே பட்டதாரி ஆகுங்கள்' என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, சீமைப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஜூன் மாதத் தேர்வுக்காக இருநூற்றுப் பன்னிரண்டு மாணவர்களைச் சேர்த்துவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார்கள், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கள், ரயில்வே கிராணிகள். எல்லாருக்கும் மாதம் இருமுறை தபாலில் பாடத்தாள் போகும். பாடங்கள் இங்கிலீஷில்தான், வாசகரின் நன்மையை உத்தேசித்து இங்கே தமிழில் தரப்படுகின்றன.

அந்தப் பாடத்தாள்கள் எந்த லட்சணத்தில் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சரித்திர விரிவுரையாளர் ராஜரத்தினம் ஸ்டென்சில் தாளில் கையாலேயே எழுதுவார். அவர் எழுத்து மழைக்காலத்துத் தென்னை மாதிரி ஒரே பக்கமாகச் சாயும். பாடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது அவருக்கே ரகசியம். ஒன்பதாம் பக்கத்தில் 'இதை முன்பே விளக்கினேன்' என்பார், விளக்கியிருக்க மாட்டார். பொருளாதாரம் எழுதிய கருணாகரனோ வார்த்தையை நம்பாதவர். தாள் முழுக்கக் கட்டமும் கோடும்தான், மீன் வலையைக் காயப்போட்ட மாதிரி. குளுவாங்கிலிருந்து ஒரு மாணவர் எழுதினார்: 'மதிப்பிற்குரிய ஐயா, நான்காம் பாடம் கிடைத்தது. எந்தப் பக்கத்தை மேலே வைத்துப் படிப்பது?'

பொன்னுதுரை ஒரு வாரம் இந்தத் தாள்களைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் சொல்லலாம், படித்தார் என்று சொல்ல முடியாது. ஆளின் முகத்தைப் பார்க்காமல் அளவெடுக்கிற தையற்காரர் மாதிரி, ரூலரை வைத்து ஓரங்களை மட்டும் அளந்தார். பிறகு கலியாணசுந்தரத்தின் முன்னால் தன் திட்டத்தை வைத்தார்.

இனி எந்தப் பாடமானாலும் ஆறு பக்கம். முதல் பக்கத்தில் பாடப்பெயரும் நோக்கமும். இரண்டிலிருந்து ஐந்து வரை பாடம். ஆறில் சுருக்கமும் பயிற்சி வினாக்களும். எல்லாம் ஒரே டைப்ரைட்டரில். உள்பக்கங்களில் பாடப்பெயர் கிடையாது. வலது மூலையில் பாட எண்ணும் பக்க எண்ணும் மட்டும்.

உள்ளதைச் சொன்னால், திட்டம் கெட்ட திட்டமில்லை. சுருக்கம் எங்கே, வினா எங்கே என்று இருட்டில் தடவினாலும் மாணவனுக்குக் கிடைக்கும். குளுவாங் மாணவர் நன்றி தெரிவித்து எழுதினார். ஆனால் நல்ல திட்டம் ஒன்று கையில் கிடைத்த மனிதன் அதோடு சும்மா இருந்ததாகச் சரித்திரமில்லை.

"ஆறு பக்கத்துல நெப்போலியனை அடக்க முடியாதய்யா!" என்று ராஜரத்தினம் குதித்தார்.

"ஐரோப்பாவே அடக்கிருச்சு. நீங்க அடக்க மாட்டீங்களா?"

"என் எழுத்துல ஒரு ஓட்டம் இருக்கு. அதை வெட்டினா?"

"ஓட்டம் இருக்கட்டும் சார். ஓரத்துக்குள்ள ஓடட்டும்."

கருணாகரனுக்கு நாலு பக்கத்துக்குத்தான் சரக்கு இருக்கும். அவரை ஆறுக்கு இழுத்தார். ராஜரத்தினத்தின் பதினான்கை ஆறுக்கு நறுக்கினார். படியிறங்கும்போதெல்லாம் சவப்பெட்டிக் கடையில் ஒரே அளவில் வரிசையாக நிற்கும் பெட்டிகளை ஏக்கத்தோடு பார்ப்பார். அங்கே எந்த வாடிக்கையாளரும் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

தாள்களை அடுக்கித் தைத்து உறையில் போடுவது சந்திரமதியின் வேலை. பக்கத்துச் செட்டி கம்பம் என்கிற குடியிருப்புக்காரி, ஐம்பதைத் தொட்டவள். செட்டி சனங்களுக்குப் பெயரும் சாமியும் நம்முடையது, பேச்சு மலாய். சந்திரமதிக்கு எண் தெரியும், எழுத்து எந்த மொழியிலும் தெரியாது. ஆனாலும் அதுவரை அவள் கையில் ஒரு பாடம் தவறியதில்லை. நீளமான மேசையில் பக்கக்கட்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தாளை உருவிக்கொண்டே நடந்தால் மேசையின் கோடியில் ஒரு பாடம் முழுசாகப் பிறந்துவிடும். புதுத் திட்டத்தின் முதல் கட்டுகள் வந்த அன்று, அவள் அவற்றை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னாள்:

"செமுவா சாமா, துவான்." எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, ஐயா.

பொன்னுதுரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுத்தே தெரியாதவள், அவளுக்குக்கூடத் தெரிகிறதே! வாழ்நாளில் அவர் பெற்ற முதல் பாராட்டு அது. தேதி போட்டு டைரியில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரமும் அவள் அதையே சொன்னாள், கொஞ்சம் உரக்க. இவரும் கொஞ்சம் உரக்கச் சிரித்து, "தெரிமா காசி" என்று நன்றி சொன்னார். மூன்றாவது வாரம் அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் கல்லூரியைப் பதிவு செய்யலாமா என்று பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் வருகைக்கு முந்தின வாரம் ஏழாம் பாடம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதிகாரி நாலைந்து பாடங்களைக் கையில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஓரத்தோடு ஓரம், எண்ணோடு எண், மயிரிழை பிசகவில்லை.

"அற்புதம். இதுதான் கல்வி" என்றார் அதிகாரி. தாள்களைக் கீழே இறக்கவுமில்லை, படிக்கவுமில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

கலியாணசுந்தரம் பொன்னுதுரையின் தோளில் கை போட்டார். "மிஸ்டர் பொன்னுதுரை, எட்டாம் பாடத்துலேருந்து ஒவ்வொரு பக்கத்தோட அடியிலயும் உங்க பேரு வரும். 'பாட அமைப்பு: பொ. பொன்னுதுரை.' பதிவு கிடைச்சதும் மாதிரித் தாள்னு எல்லா ஊருக்கும் அனுப்புவோம்."

ஆறு பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டு மாணவர், மாதம் இரண்டு பாடம், இரண்டு பாடப்பிரிவு. பொன்னுதுரை பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலைசுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நாய்க்கு வருஷத்துக்கு ஒருமுறைதானே பெயர் எழுதுகிறார்கள்!

மறுநாளே எட்டாம் பாடத்தின் ஸ்டென்சில்களைத் தன் கையால் வெட்டினார், அடிவரியை மட்டும் இரண்டு முறை ஒத்திகை பார்த்து. மாதிரிக்கு ஒரு தாளை வீட்டுக்கும் கொண்டுபோனார். அஞ்சலை அதைத் தூரத்தில் பிடித்து, கிட்டே பிடித்து, "பேரு நல்லாத்தான் இருக்கு. மேல என்னாங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"மேல ஏதோ பாடம்."

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மரப்படி அதிர ஒரு பெண் ஏறி வந்தாள். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கமலவேணி என்று பெயர், முப்பது வயதிருக்கும். பஸ்ஸில் வந்த வெயில் முகத்திலிருந்தது, பையில் ஏழாம் பாடம் இருந்தது.

"இந்தத் தாளை அமைச்சது யாரு சார்?"

பொன்னுதுரை எழுந்து நின்றார். நேரில் வந்து பாராட்டுகிற முதல் மாணவி! சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, "அடியேன்தான்" என்றார்.

"அப்ப உட்காருங்க. வாசிக்கிறேன். இது சரித்திரம், பிரெஞ்சுப் புரட்சி. மூணாம் பக்கம் கடைசி வரி: 'பாரிஸ் நகரப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். இதைக் கேட்ட அரசி'. பக்கத்தைத் திருப்புறேன். நாலாம் பக்கம் முதல் வரி: 'வலப்புறமாகக் கீழ்நோக்கிச் சரிவாள். இதுவே தேவை வளைகோடு எனப்படும்.'"

"சரிவாள்னா இருக்கு?"

"சரியும்னு இருக்கு. நாந்தான் அரசிக்காக மாத்திப் படிச்சேன். மூணு நாள் அப்படித்தான் படிச்சேன் சார், ஏதோ உவமைன்னு நெனச்சு. அப்புறம் பொருளாதாரத்தை எடுத்தேன். 'சந்தையில் விலை மிக ஏறும்போது வாங்குபவன்', திருப்புறேன், 'கில்லட்டின் மேடையில் ஏற்றப்பட்டு ஜனங்களின் ஆரவாரத்துக்கு நடுவே தலையிழந்தான்.'"

பக்கத்து மேசையில் தாள் திருத்திக்கொண்டிருந்த ராஜரத்தினத்துக்கு இருமல் வந்தது. அவர் முன்னால் ஏழாம் பாடத்து விடைகள் நூறுக்கு மேல் கிடந்தன. 'பாரிஸ் மக்களின் ரொட்டித் தேவைக்கோடு சரிந்ததே புரட்சிக்கு உடனடிக் காரணம்' என்று ஒருவர் எழுதியிருந்ததற்கு அவர் பத்துக்கு ஆறு போட்டிருந்தார்.

"நீங்க பாக்கலியா சார்?" என்றாள் கமலவேணி.

"மார்க் போடற படிவமும் இவர் போட்டதும்மா" என்று ராஜரத்தினம் பொன்னுதுரையைக் காட்டினார், பழிவாங்கும் நாள் வந்துவிட்ட நிம்மதியோடு. "முன்னுரை இருக்கா, பத்தி பிரிச்சிருக்கா, ஓரம் விட்டிருக்கா, சுருக்கம் இருக்கா, கையெழுத்து சுத்தமா. அஞ்சு கட்டம். உண்மையான்னு கேக்க ஆறாவது கட்டம் இல்ல."

பொன்னுதுரை சந்திரமதியைக் கூப்பிட்டார். அவள் ஏழாம் பாடத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். முன்னெல்லாம் சாய்ந்து விழுகிற எழுத்து ஒருத்தருடையது, வலை மாதிரி இருப்பது இன்னொருத்தருடையது; கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன். இப்போது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மொட்டை அடித்து ஒரே சட்டை மாட்டி விட்டீர்கள். முந்தின பாடங்களின் கட்டுகள் வேறுவேறு நாளில் வந்ததால் தப்பினேன், ஏழாம் பாடம் இரண்டும் ஒரே நாளில் வந்தது. ஏழு–நாலு என்று இரண்டு கட்டு வருகிறது, எது யார் பிள்ளை? இரண்டு தடவை சொன்னேன் துவான், நீங்கள் இரண்டு தடவையும் நன்றி சொன்னீர்கள். இவ்வளவையும் மலாயில் சொல்லிவிட்டு அவள் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

சத்தம் கேட்டுக் கலியாணசுந்தரம் உள்ளறையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவர் முகம் வாடவில்லை. கல்லூரி நடத்துகிறவர்களுக்கு அது அவ்வளவு சீக்கிரம் வாடாது.

"டீச்சர், இருநூத்துப் பன்னெண்டு பேர்ல எத்தனை பேர் குறை சொன்னாங்க? நீங்க ஒருத்தர். அப்ப இருநூத்துப் பதினோரு பேருக்குப் புரிஞ்சிருக்கு."

"அவங்களுக்குப் புரியலேன்னு சொல்றதுக்கும் பயம் சார்."

"இது மெர்டேக்கா நாடும்மா. எல்லாரும் கலந்து வாழணும்னு தலைவர்கள் தொண்டை கிழியச் சொல்றாங்க. பாடம் ரெண்டு கலந்துட்டா குடியா முழுகிப்போச்சு?"

"எனக்கு முழுகும் சார். ஜூன் தேர்வு ஒரு தடவைதான் எழுத லீவு குடுத்திருக்காங்க. அதுக்குள்ள சரியான பக்கம் வரணும். எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்."

கலியாணசுந்தரம் பொன்னுதுரையை ஓரமாக இழுத்தார். "இவங்களுக்கு மட்டும் நல்ல பிரதி ஒண்ணு கையில குடுத்து அனுப்புவோம். எல்லாருக்கும் திருத்தம் போச்சுன்னா அது அதிகாரி காதுக்கும் போகும். பதிவு கிடைக்கிற நேரத்துல கல்லூரி தப்பு பண்ணினதா நான் ஒப்புக்க முடியாது. ஒப்புக்கணும்னா ஒரு தனி ஆள் ஒப்புக்கணும். திருத்தத் தாள்ல உங்க பேரு இருந்தா எட்டாம் பாடத்துல இருக்காது. அப்புறம் எப்பவுமே இருக்காது. எதுல வேணும்னு நீங்களே சொல்லுங்க."

இந்த இடத்தில் நம்முடைய கதாநாயகனின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. அவர் மனச்சாட்சியைக் கலந்துகொள்ளவேயில்லை. தன் பெயரைப் பார்க்கப் போனார். சந்திரமதியின் மேசையில் எட்டாம் பாடம் அடுக்கித் தைத்துத் தயாராக இருந்தது. மேலிருந்த பிரதியை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொ. பொன்னுதுரை, நடுவாக, நிமிர்ந்து, இரண்டு விரல் இடைவெளிக்கு மேலே பட்டாபிஷேகம் செய்துகொண்டு நின்றார். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு, பிறந்ததிலிருந்து முதன்முறையாக, ஒரு பாடத்தை வாசித்தார்.

நெப்போலியன் தன் படையோடு பனிமலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தைத் திருப்பினார். இறங்கியவன் நேராக வங்கிக்குப் போய் வட்டிவிகிதத்தை உயர்த்திவிட்டான். அதற்குக் கீழே: பாட அமைப்பு, பொ. பொன்னுதுரை.

கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த பிரதியை எடுத்தார். அதிலும் நெப்போலியன் வங்கியில்தான் இருந்தான். இருநூற்றுப் பன்னிரண்டிலும் இருப்பான். ஜொகூரிலும் கெடாவிலும் படித்த மனிதர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு, அடியில் பார்த்து, யாரடா இந்தப் பொன்னுதுரை என்று கேட்பார்கள். அந்தப் பெயர் ஆயிரக்கணக்கான பக்கங்களில் இருக்கும். பெருக்கல் கணக்கு இப்போது வேறு மாதிரி தலைசுற்ற வைத்தது.

"திருத்தத் தாள்லயே போட்டுக்கறேன் சார்" என்றார் கலியாணசுந்தரத்திடம். பிறகு கமலவேணியிடம், "டீச்சர், அடுத்த சனிக்கிழமைக்குள்ள வந்துரும்" என்றார். அவள் ஏழாம் பாடத்தைப் பைக்குள் போட்டாள். நன்றி சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்கணும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

எட்டாம் பாடத்தைப் பிரித்தெடுத்தார்கள். சந்திரமதி சொன்னபடி சரித்திர ஸ்டென்சில்களின் மூலையில் ஒரு மீனும் பொருளாதாரத்தின் மூலையில் ஓர் அன்னாசியும் வரைந்து, பெயரில்லாமல் மறுபடி ஓட்டினார்கள். எனக்கு ஏன் மீன் என்று ராஜரத்தினம் இரண்டு நாள் பேசாமலிருந்தார். பொன்னுதுரை ஒரு மீன் வரைய மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். எல்லா மீனும் ஒரே அளவாக இருக்க வேண்டுமே.

ஏழாம் பாடத்தின் சரியான பக்கங்களோடு மன்னிப்புத் தாள் போயிற்று. மன்னிப்பை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. பாடத்தாள் எப்படி அமைப்பது என்றுதான் தெரியும். ஆகவே மேலே இரண்டு விரல் விட்டு, 'நோக்கம்: ஒரு தவறை மாணவர்க்கு அறிவித்தல்' என்று தொடங்கினார். பாடம் என்ற தலைப்பில் எந்தப் பக்கம் எதோடு கலந்தது, ஏன் கலந்தது, இரண்டு முறை எச்சரித்த ஒருவருக்கு எவ்வாறு இரண்டு முறை நன்றி கூறப்பட்டது என்பதை ஒளிக்காமல் எழுதினார். பிறகு சுருக்கம். சுருக்கத்துக்குப் பிறகு வினா இல்லாமல் ஒரு தாளை முடிக்க அவர் கை ஒப்பவில்லை. 'பயிற்சி வினா: மேற்கண்ட தவறுக்குப் பொறுப்பு யார்? காரணம் காட்டி விளக்குக. (10 மதிப்பெண்)'. அடியில் அவர் பெயர்.

யாரும் பதில் எழுத வேண்டுமென்று அவர் நினைக்கவில்லை. ஆனால் தேர்வுக்குப் படிக்கிற மலாயாத் தமிழன் வினா என்று ஒன்றைக் கண்டால் விடுவானா? மே மாதக் கடைசிக்குள் நூற்று அறுபத்து மூன்று விடைத்தாள்கள் வந்து குவிந்தன. திருத்த மாட்டேன் என்று ராஜரத்தினம் கையை உதறிவிட்டார். பொன்னுதுரையே உட்கார்ந்தார், ஐந்து கட்டப் படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் முழுக்க வாசித்தார்.

குளுவாங் மாணவர் பொறுப்பை ஏகாதிபத்தியத்தின்மேல் போட்டு நான்கு பக்கம் எழுதியிருந்தார். ஒரு டிரஸ்ஸர் தபால் இலாகாவைச் சந்தேகித்தார். முப்பது பேர் பதினாறாம் லூயி மன்னன் என்று எழுதியிருந்தார்கள். மற்றொருவர், பொறுப்பு கூடக்கூடப் பொறுப்பேற்போர் எண்ணிக்கை குறையும் என்று வளைகோடு வரைந்து காட்டியிருந்தார், அவருக்கு எட்டு.

புக்கிட் ரம்பாயிலிருந்து வந்த தாளில் முன்னுரை இல்லை, பத்தி இல்லை, சுருக்கம் இல்லை. ஒரே வரி.

'பக்கத்தின் அடியில் எழுதியிருக்கிறது. ஆனால் அவர் பொறுப்பேற்றுக்கொண்டார்.'

பொன்னுதுரை அதை இரண்டு முறை வாசித்தார். பேனாவை மையில் தொட்டுப் பத்துக்குப் பத்து என்று போட்டார். போட்ட பிறகு, தாளைக் கொஞ்சம் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் ஓரம் விடவில்லை என்று அரை மதிப்பெண்ணைக் குறைத்தார்.